களத்திலே கேட்ட வாக்கு

எங்கள் வாய்க்கால் குளத்துத் துருசுக் கதவில் இருந்து புறப்படும்போது ஒரு பெரிய மனிதரைப் போலத்தான் புறப்படும். நல்ல அகலம், நேர்கோடு, இரண்டு கரையிலும் சீமெந்து. கொஞ்சத் தூரத்தில் சீமெந்து முடிந்துவிடும். பிறகு ஒரு மருதமரத்துக்காக ஒரு வளைவு, ஒரு புற்றுக்காக இன்னொரு வளைவு, ஓவசியர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரைந்ததாலோ என்னவோ காரணமே இல்லாமல் மூன்றாவது வளைவு. இளைத்து, மெலிந்து, வேலியோரக் கோழிகள் தாண்டிப் போகிற அளவுக்குச் சிறுத்து, கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அந்த வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்தவனுக்கு எங்கள் வட்டாரத்து அரசியலைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

துருசுக்குப் பக்கத்தில் காணி கிடைத்தவர்கள் தலைவாய்க்கால்காரர். தண்ணீர் அவர்களிடம் முதலில் வந்ததால் அபிப்பிராயமும் அவர்களிடமே முதலில் வந்தது. வாலில் காணி கிடைத்தவர்கள் கடைவாய்க்கால்காரர். தங்களிடம் வந்து சேரும் தண்ணீரில் தலைவாய்க்கால் எருமைகள் குளித்த மணம் இருக்கிறது என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு அந்தத் தண்ணீருக்காகவே மண்வெட்டியோடு காவல் இருப்பார்கள். தேர்தல் வந்தால் அவர்களுக்குக் கொள்கை விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. "தலைப்பக்கம் ஆருக்குப் போடுதாம்?" என்று மட்டும் கேட்பார்கள். பதில் கிடைத்ததும் மற்றவருக்குப் போடுவார்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் இது கொஞ்சம் அடங்கியிருக்கும். அது தமிழுக்கான தேர்தல். ஒலிபெருக்கி கட்டிய கார்கள் ஆனையிறவைத் தாண்டி உப்புக்காற்றோடு வரும். பேச்சாளர்கள் தொண்டை கட்டிப்போய் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுழிப்பார்கள். நாங்கள் தலை, கடை என்று பாராமல் ஒன்றாக நின்று கைதட்டுவோம். கிராமசபைத் தேர்தல் அப்படியல்ல. அது தண்ணீருக்கான தேர்தல். அதில் தாய்மொழி துணைக்கு வராது.

நாங்கள் நடுவில் இருந்தோம். மூன்றாவது வளைவில், காரணமில்லாத வளைவில், எங்கள் வீடு. தலைப்பக்கத்தார் எங்களைக் கடையோடு சேர்த்தார்கள், கடைப்பக்கத்தார் தலையோடு சேர்த்தார்கள், இரண்டு பகுதியும் எங்களிடம் வந்து மற்றவர்களைப் பற்றித் திட்டிவிட்டுப் போவார்கள். அம்மா இருவருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொடுத்து, இருவருக்கும் "ஓம், அதுதானே" என்பார். அம்மாவுக்கு இந்த ஊர் அரசியலில் அக்கறை இல்லை, ஏனென்றால் அம்மா இந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உண்மைதான். நாங்கள் குடாநாட்டில் இருந்து குடியேற்றத்துக்கு வந்து பல மழை கண்டுவிட்டோம், நான் பாவாடை கட்டின பிள்ளையாக லொறியில் இருந்து இறங்கிச் சேலை கட்டுகிற வயதுக்கு வந்துவிட்டேன், ஆனால் அம்மாவின் றங்குப்பெட்டி மட்டும் திறந்து அடுக்கப்படவே இல்லை. கட்டிலுக்குக் கீழே கட்டியபடியே இருந்தது. நல்ல சேலைகள், சீதன வீட்டுப் பூட்டின் திறப்பு, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் அதற்குள். "எப்ப வெளிக்கிடவேண்டி வருமோ தெரியாது" என்பார். யானை வேலியைப் பிரித்த அன்றும் சொன்னார், காய்ச்சல் வந்த அன்றும் சொன்னார், நல்ல விளைச்சல் வந்த அன்றும் சொன்னார். அப்பா அந்தப் பெட்டியைப் பார்க்காதது போலப் படுத்தெழும்புவார். அதன் மூலை அவருடைய கால்விரலில் இடித்த நாட்களில் மட்டும் பார்ப்பார்.

எங்கள் வட்டாரத்துக்குக் கிராமசபை அங்கத்தவராக இருந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். தலைவாய்க்காலில் முதல் காணி அவருடையது. எங்களுக்கு இரண்டு மழை முந்தி வந்தவர். அந்த இரண்டு மழையையும் அவர் ஒரு பட்டம் போலப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார். அவரை எதிர்த்து ஒருவரும் தேர்தல் கேட்டதில்லை. கடைவாய்க்கால் அவரைத் திட்டும், ஆனால் யாரைக் கொண்டு எதிர்ப்பது என்பதில் கடைவாய்க்காலுக்குள்ளேயே தலையும் கடையும் இருந்தன.

அந்த வருடம், அறுபதுகளின் தொடக்கத்தில், நடுப்பகுதிக்கு ஒரு மதகு வேண்டும் என்று அப்பா கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். மாமா சிரித்துக்கொண்டு, "மச்சான், அவசரப்படாதை. நீ நேற்று வந்தவன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த கிழமை சைக்கிளில் போய் நியமனப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டு வந்தார்.

அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நந்திக்கடல் பக்கத்தில் இருந்து வருகிற மீன்காரர் அன்றுதான் வந்துபோயிருந்தார்.

"என்ரை அண்ணையை எதிர்த்தோ?" என்றார் அம்மா, திரும்பிப் பாராமல்.

"உன்ரை அண்ணையை இல்லை. நேற்று வந்தவன் எண்ட கதையை எதிர்த்து."

"உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை?"

"இந்த ஊர் என்னை ஊர்க்காரன் எண்டு எண்ணுதோ இல்லையோ, எனக்குத் தெரியவேணும்."

"எண்ணேல்லையெண்டால்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். அவர் பேச்சில் அவரே வழுக்கி விழுகிற இடம் இது என்று எனக்குத் தெரியும்; எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "எண்ணேல்லையெண்டால் உன்ரை பெட்டியைத் தூக்கு. நெல்லுச் சூடு மிதிச்ச கையோடை ஊருக்குப் போவம். காணியை ஆரும் செய்யட்டும்."

அம்மாவின் கை மீனோடு நின்றது. "சத்தியமாயோ?"

"நான் சொன்னால் சொன்னதுதான்."

அப்படித்தான் எங்கள் வீடு தேர்தலில் நின்றது. அப்பா வென்றால் இங்கே, தோற்றால் ஆனையிறவுக்கு அப்பால், குடாநாட்டில். மறுநாளே அம்மா, வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்திருப்பதாகச் சொன்னார்.

"என்னத்துக்கு?" என்றார் அப்பா. "நான் வெல்லவோ, தோக்கவோ?"

"அது எனக்கும் அம்மனுக்கும் உள்ள கதை."

சின்னம் கொடுத்த அன்றே அப்பாவுக்குச் சறுக்கியது. மாமாவுக்குக் குடை. அப்பாவுக்குத் தராசு. பட்டணத்தில் தராசு என்றால் நீதி, நடுநிலை என்று என்னவெல்லாமோ சொல்லலாம். எங்கள் ஊரில் நெல்லை அளப்பது மரக்காலால், புசலால். தராசு என்பது வியாபாரியின் கையில் ஒரு பக்கம் சாய்ந்தபடி வருகிற சாமான். தராசுப் படம் ஒட்டிய இடமெல்லாம் சனம் நின்று பார்த்து, "இதுக்குள்ளை கல்லு எங்கை ஒளிச்சிருக்கு?" என்று கேட்டது. மாமாவுக்கோ செலவே இல்லை. சாதாரணமாக நடந்து போகிறபோதே குடையை விரித்துக்கொண்டு போனார். வெயிலில் நின்ற ஒவ்வொருவரும் அவருடைய நிழலுக்குள் ஒரு கணமாவது ஒதுங்கினார்கள். அந்த மாசி வெயிலுக்கு அதைவிடப் பிரசாரம் ஒன்று உண்டா?

அப்பா வீட்டில் குடைக்குத் தடை போட்டார். எங்கள் ஒரே குடையை, கம்பி ஒன்று வளைந்த கறுப்புக் குடையை, வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார். அம்மா வெயிலில் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தார். தெருவில் கண்டவர்கள் எல்லாம், "அக்கா, கட்சி நல்லாய்ச் சுடுது போலை" என்றார்கள்.

அப்பா தராசைக் கைவிடவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு தராசை இரவல் வாங்கி, கூட்டத்தில் உயர்த்திப் பிடித்தார். "இஞ்சை பாருங்கோ. இந்தத் தட்டு தலைவாய்க்கால். இந்தத் தட்டு கடைவாய்க்கால். நடுவிலை நிக்கிற முள்ளு நான். எனக்குத் தலையுமில்லை, கடையுமில்லை."

பின்னால் இருந்து ஒரு கடைவாய்க்கால் கிழவர் எழும்பினார். "தம்பி, முள்ளு எந்தப் பக்கம் சாயுமெண்டுதானே கேள்வி. சாயாத முள்ளெண்டால் தராசு பழுது."

அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது. பிறகு அப்பா கூட்டம் வைக்கவில்லை. சனத்தைத் தேடிப்போய்க் கேட்பது என்று முடிவு செய்தார். அது சூடு மிதிக்கிற காலம், குவித்த கதிர்ப்போரை மாடு விட்டு மிதித்து நெல் பிரிக்கிற காலம். சனம் எல்லாம் களத்தில் நின்றது. அப்பா களங்களுக்குப் போனார்.

இங்கே களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியேற்றத்துக்குப் பக்கத்தில் பழைய வன்னி ஊர்கள் இருந்தன. வேளாண்மையின் பாதியை நாங்கள் அவர்களிடம்தான் கற்றோம். அவர்கள் களத்தில் கண்டபடி பேசமாட்டார்கள். நெல் குவிந்து கிடக்கும் இடத்தில் குறைவான சொல் சொன்னால் நெல்லும் குறைந்துவிடும். ஆகவே களத்து வரம்புக்குள் நின்று "இல்லை" என்று சொல்லக்கூடாது. போதும் என்கிற "காணும்" சொல்லக்கூடாது, "முடிஞ்சுது" சொல்லக்கூடாது, "வேண்டாம்" சொல்லவே கூடாது. குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் "தண்ணி நிறையப் போகுது" என்பார்கள். சோறு தீர்ந்தால் "சோறு பெருகிப்போச்சு." என்ன கேட்டாலும் "ஓம், பொலியட்டும்." இந்த வழக்கத்தைப் புதிதாகக் கற்ற நாங்கள், அதைச் சொல்லித்தந்தவர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம். பெண்கள் களத்துக்குள் வரக்கூடாது என்ற மற்றச் சட்டம் மட்டும் ஆள் போதாமல் போனபடியால் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. தூற்றவும் கூட்டவும் நாங்களும் இறங்கினோம். ஆனால் "இல்லை" மட்டும் இறங்கவில்லை.

அப்படியானால் மறுக்கவேண்டியதை எப்படி மறுப்பது? அதற்கும் வழி இருந்தது. ஒருமுறை கலியாணத் தரகர் ஒருவர் களத்துக்கே வந்து, மிதித்துக்கொண்டு நின்ற மனிதரிடம், "உங்கடை பிள்ளையை அந்தப் பெடியனுக்குத் தாறியளோ?" என்று கேட்டார். அவர் "ஓம், பொலியட்டும்" என்றார். கையில் இருந்த கம்பை வைத்தார். நடந்து போய்க் களத்து வரம்பைத் தாண்டி, வெளியில் நின்று திரும்பி, "அந்தக் குடிகாரனுக்கோ? என்ரை பிள்ளையைக் கிணத்திலை தள்ளுவன்" என்றார். திரும்ப உள்ளே வந்து கம்பை எடுத்தார். தரகர் கோபிக்கவில்லை. முறை அதுதான். உள்ளே "ஓம்." வேண்டாமென்றால் வரம்பைத் தாண்டி வந்து சொல்லவேண்டும்.

அப்பா களம் களமாகப் போய்க் கேட்டார். நானும் அவரோடு சில களங்களுக்குப் போனேன். எனக்கு அதுதான் முதல் வாக்கு, ஆகவே வாக்கு என்பது எங்கே விளைகிறது என்று பார்க்க ஆசை.

"அண்ணை, தராசுக்குத்தானே?"

"ஓம் தம்பி, பொலியட்டும்!"

"வீட்டிலை எல்லாருமோ?"

"எல்லாரும், எல்லாரும். நிறையும்!"

மாடுகள் சுற்றிச் சுற்றி வந்தன. வைக்கோல் தூசு பொன்னாகப் பறந்தது. அப்பாவின் முகமும் அந்த நிறத்துக்கு வந்தது. ஒவ்வொரு களத்தில் இருந்தும் அவர் ஒரு சாண் உயர்ந்து வெளியே வந்தார். முள்ளைப் பற்றிப் பேசிய அந்தக் கடைவாய்க்கால் கிழவர்கூட, "ஓம் தம்பி, முள்ளு நேராய் நிக்கட்டும்!" என்றார். ஒருவரும் கம்பை வைத்துவிட்டு வரம்பைத் தாண்டி வரவில்லை. பெண்ணைக் கேட்டால் வருவார்கள். ஒரு நல்ல மனிதரின் முகத்தை வாடவைப்பதற்காக அந்த வெயிலில் யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்?

சாப்பாட்டு நேரத்தில் அப்பா கணக்குச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

"களத்திலை கேட்டது எல்லாம் வாக்கோ?" என்றார். "வீட்டு வாசல்லை போய்க் கேளுங்கோ. இல்லையெண்டு சொல்லக்கூடிய இடத்திலை கேளுங்கோ."

"ஏன், ஆராவது பொய் சொல்லுவினமோ களத்திலை? நெல்லுக்கு முன்னாலை?"

"நெல்லுக்கு முன்னாலை உண்மைதான் சொல்லக்கூடாதாமே."

அப்பா சோற்றைப் பிசைந்தார். எங்கள் சூடு இன்னும் மிதிக்கப்படாமல், வளவின் பின்னால் ஒரு கோபக்காரக் கிழவியைப் போலக் குந்தியிருந்தது. ஊரில் எல்லாரும் மிதித்து முடிக்கிறார்கள். நாங்கள் வாக்குச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா களத்துப் பக்கமே போகவில்லை. அவர் பின்னேரங்களில் கடைவாய்க்காலுக்கு நடந்து போய், அவரைக் கண்ணில் காட்டக்கூடாத வீடுகளாகப் பார்த்து, வாசலில் கதிரை கேட்டு வாங்கி இருந்து, "ஏன் எனக்குப் போடமாட்டியள்?" என்று கேட்டாராம். போன மாரியில் தண்ணீர் வராததில் இருந்து தொடங்கிச் சனம் அவரைக் கிழித்ததாம். எருமை மணத்தைப் பற்றிச் சொன்னார்களாம். ஒரு மனுசி அவருடைய இரண்டு மழையைப் பற்றியும் சொன்னாவாம். மாமா குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "வேறை?" "வேறை என்ன?" என்று கேட்டபடி இருந்தாராம். திட்டி முடிந்ததும், "அடுத்த போகத்துக்கு முதல் தண்ணி உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாராம். மனதில் இருந்ததை எல்லாம் ஒரு ஆளின் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டால், பிறகு அந்த ஆளின் மேல் ஒரு சின்ன இரக்கம் வந்துவிடுகிறது. அது எங்கே போகும்? வாக்குச்சீட்டில் புள்ளடியாகக் குடையின் மேல் போய் விழுந்தது.

வாக்களிப்பு பள்ளிக்கூடக் கொட்டிலில். பெண்கள் நல்ல சேலையில் வந்தார்கள். அம்மா மட்டும் பெட்டியைத் திறக்காமல், கட்டிப் பழகிய சேலையிலேயே வந்தார். வாக்குப் போடும் இடத்தைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். அம்மா உள்ளே போய் நெடுநேரம் நின்றார். ஒரு புள்ளடி போட அவ்வளவு நேரம் எதற்கு? வெளியே வந்தபோது அப்பா கண்ணால் கேட்டார். அம்மா கண்ணால் பதில் சொல்லவில்லை, வாயாலேயே சொன்னார்:

"அரசாங்கம் எனக்கெண்டு தந்த ஒரே அறை அதுதான். அதுக்குள்ளை நடந்ததை வெளியாலை சொல்லமாட்டன்."

பின்னேரம் எண்ணினார்கள். எண்ணி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை, ஏனென்றால் ஒரு கட்டு மிகவும் உயரமாகவும் மற்றது மிகவும் மெலிவாகவும் இருந்தது. தலைவாய்க்கால் குடை. கடைவாய்க்கால், சரித்திரத்தில் முதல் தடவையாகத் தலைவாய்க்காலோடு சேர்ந்து, குடை. நடுவிலேயே பாதி குடை. அந்த மெலிந்த கட்டில் ஒன்று என்னுடையது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததில் இருந்து எங்கள் வீட்டுக்குச் சனம். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, படலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"அண்ணை, நான் தராசுக்குத்தான் போட்டனான். ஆர் மாத்தினதோ தெரியேல்லை."

"எங்கடை வீட்டு வாக்கு முழுக்கத் தராசு. அம்மாளாணை."

அப்பா எல்லாரையும் கதிரையில் இருத்தினார். அம்மா எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினார், பனங்கட்டித் துண்டு வைத்தார். மத்தியானத்துக்குள் பனங்கட்டிக் குட்டான் வெறுமையாகிவிட்டது. அம்மா குசினி வாசலில் வந்து நின்று, "இஞ்சேருங்கோ, வந்தவை எல்லாரும் தராசுக்குப் போட்டதெண்டால், அண்ணை தன்ரை வாக்கையும் உங்களுக்குத்தான் போட்டிருக்கவேணும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, படலையில் குடை தெரிந்தது. மாமா. விரித்த குடையோடு முற்றம்வரை வந்து, எங்கள் வீட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தவராகச் சட்டென்று மடக்கி, வேலியில் கொழுவினார்.

"மச்சான், ஒரு உண்மை சொல்லுறன். எனக்கு நானே போடுறது மரியாதையில்லைத்தானே. நான் உனக்குத்தான் புள்ளடி போட்டனான்."

அப்பா வாயைத் திறந்தார். அந்த மரியாதை தனக்குத் தோன்றவில்லை என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. "இருங்கோ மச்சான்" என்றார். "பிள்ளை, மாமாவுக்கு பிளேன்ரீ."

"பனங்கட்டி முடிஞ்சுது" என்றார் அம்மா, நல்ல உரத்த குரலில், முடிந்ததை முடிந்தது என்று சொல்லக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்; அவருடைய பெரிய கஷ்டம் அதுதான். லொறிக்குச் சொல்லிவிட்டார். சூடு மிதித்து, நெல்லைச் சாக்கில் கட்டி, பெட்டியை ஏற்றி, நேராக ஆனையிறவு. அம்மா சந்தோசமாக இருந்தாரா? எனக்குச் சொல்லத் தெரியாது. முற்றத்தில் கத்தரிக்கன்றுகளுக்கு வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார். லொறியில் போகப்போகிற ஒருவர், காய்க்க இன்னும் மாதம் ஒன்றாகும் கன்றுக்கு ஏன் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது ஆபத்தான தொழிலாக இருந்தது.

எங்கள் சூடுதான் அந்த வருடம் கடைசி. ஆகவே ஊரே உதவிக்கு வந்தது. தராசுக்குப் போட்டதாகச் சொன்னவர்கள் எல்லாரும் வந்தார்கள், அதாவது வட்டாரம் முழுவதும் வந்தது. கடைவாய்க்கால் கிழவர் வந்தார். மாமாவும் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்போடு வந்தார். எங்கள் நெல்லா அது! மிதிக்க மிதிக்கப் பெருகியது. இவ்வளவு நாள் காத்திருந்த கோபத்தை எல்லாம் மணியாக உதிர்ப்பதுபோல உதிர்ந்தது. பின்னேரக் காற்று வாட்டமாக வீச, தூற்றிய பதர் ஒரு பக்கமாகப் பறக்க, நடுவில் குவியல் ஒரு சின்ன மலையாக எழும்பியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதைச் சாக்கில் கட்டி இந்த மண்ணை விட்டுக் கொண்டுபோவதா என்று நினைத்திருக்க வேண்டும். சொல்ல முடியாது. சொன்ன சொல் வாய்க்குள் நின்று காவல் காத்தது.

அம்மாவும் நானும் சோறு கொண்டு போனோம். வெயில் இன்னும் சுட்டதால் அம்மா வைக்கோலுக்குள் இருந்து அந்தக் கறுப்புக் குடையை இழுத்தெடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார், தேர்தல் முடிந்துவிட்டதே. களத்து வரம்பைத் தாண்டி உள்ளே வந்து, சோற்றுக் கடகத்தை இறக்கி, குடையை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

அப்பா சுளகை வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்தார். பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால், கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்.

"இஞ்சேர். நாங்கள் இஞ்சையே இருப்பமே?"

மாடுகள்கூட நின்றதாகத்தான் எனக்கு நினைவு. கம்புகள் நின்றன. கிழவர் வாயில் வெற்றிலை நின்றது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தார். நெல்லைப் பார்த்தார். திரும்ப அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில், வீட்டில் தனியாக இருந்தால் சொல்லியிருக்கக்கூடிய எல்லாம் இருந்தன.

"ஓம்" என்றார். "பொலியட்டும்."

"ஆ! களத்திலை கேட்டிட்டார்!" என்று ஒருவர் கத்தினார். மாமா கம்பை நிலத்தில் தட்டி, "மச்சான், இப்பதான் நீ தேர்தல் படிச்சிருக்கிறாய்!" என்றார். கிழவர், "முள்ளு சாஞ்சிட்டுது, முள்ளு சாஞ்சிட்டுது!" என்று குதிக்காத குறை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அம்மா அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். வரம்பை நோக்கி. ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அந்தக் கொஞ்சத் தூரத்தை அம்மா நடந்த நடை இப்போதும் என் கண்ணுக்குள் நடக்கிறது: அவசரமில்லை, தயக்கமில்லை, கால்விரல் இடுக்கில் வைக்கோல். வரம்பில் ஏறினார். மறுபக்கம் இறங்கினார். நின்றார். திரும்பினார்.

அப்பா தலைத்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில், வாக்கெண்ணுமிடத்தில், எங்கேயும் அவருடைய முகத்தை அப்படி நான் கண்டதில்லை.

"இஞ்சேருங்கோ" என்றார் அம்மா, வெளியில் நின்று, எதையும் சொல்லக்கூடிய இடத்தில் நின்று. "அந்தக் குடையை ஒருக்கால் எடுத்துத் தாங்கோ. வெயில்."

அப்பா அந்தக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். களம் முழுவதும் சிரித்தது.

லொறிக்காரருக்கு ஆள் அனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டோம். ஆள், களத்துக்கு வெளியே போய் நின்றுதான் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கேள்வியை வீட்டில் ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை. குசினியில் பதில் வேறாக இருந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனோம். அன்று காலை அம்மா றங்குப்பெட்டியைத் திறந்து, மடிப்பு விட்டுப்போன ஒரு மயில்கழுத்துச் சேலையை எடுத்துக் கட்டினார். பஸ்ஸை விட்டு இறங்கிச் சனத்தோடு சனமாக நடந்தோம். கம்பி வளைந்த குடையை அப்பா பிடித்திருந்தார், முக்கால்வாசி நிழல் அம்மாவின் மேல். பொங்கல் பானை என் இடுப்பில். கொஞ்சத் தூரம் போனதும் அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"நேர்த்தி வைச்சது நடந்துதோ?"

"நடந்தபடியால்தானே போறம்."

"என்னத்துக்கு நேர்ந்தனீ? இப்பவாவது சொல்லு."

அம்மா முக்காட்டைச் சரிசெய்தார். "நீங்கள் தோக்கவேணும். நாங்கள் இஞ்சை இருக்கவேணும்."

அப்பா நடு வழியில் நின்றுவிட்டார். குடையும் நின்றது, அம்மா வெயிலுக்குள் இரண்டடி போய், திரும்பி, நிழலுக்குள் வந்தார்.

"ஏன் தோக்கவேணும்?"

"வெண்டிருந்தால் உங்களை ஆர் வீட்டிலை பிடிக்கிறது? அண்ணையின்ரை மனுசி படுகிற பாடு எனக்குத் தெரியும்."

"அப்ப… ரெண்டையும் ஒரே பொங்கலுக்கோ கேட்டனீ?"

"ஏன்? நீங்கள் ஊர் முழுக்கக் கேட்டனீங்கள், ஒரு பிளேன்ரீயும் குடுக்காமல்" என்றார் அம்மா. "நடவுங்கோ. பானை பிள்ளைக்குப் பாரம்."